வீகோவில் உதித்த சூரியன்

அத்தியாயம் 7

"நாலு மணிக்கு ஏஜென்ட்ட வான் வருது மிஸ்" என்று அன்னப்பூரணி மூன்றாவது தடவையாகச் சொன்னபோது மணி பத்தேகால்.

ஹலீமுக்குக் கெடு வைத்த வேலைகள் பிடிக்காது. ஒரு ஆளைத் தேடுவதென்றால் நாலு நாள் வேண்டும், நடுவில் நல்ல சாப்பாடு வேண்டும். பெரியகல்லாற்றில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மனுசன் ஸ்பெயினில் இருக்கிறானா இல்லையா என்று பின்னேரத்துக்குள் சொல் என்றால் அதற்குப் பெயர் துப்பறிவது அல்ல, சாத்திரம் பார்ப்பது. இதை அவன் வாய்விட்டே சொன்னான். பீற்றிஸ் மிஸ் காதில் வாங்கவில்லை.

பீற்றிஸ் தபால் இலாகாவில் இருபத்திரண்டு வருடம் கடிதங்களைத் தரம் பிரித்தவர். பென்சன் எடுத்த கையோடு மட்டக்களப்பு டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே விசாரணை அலுவலகம் திறந்தார். ஹலீம் காத்தான்குடிக்காரன். ஆட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது. நாலு வருடமாக இரண்டையும் மிஸ்ஸுக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

விசயம் இவ்வளவுதான். அன்னப்பூரணியின் மருமகன் மதுரன் இரண்டு வருடத்துக்கு முன் ஏஜென்ட் ஒருவன் மூலம் ஸ்பெயினுக்குப் போனான். முதலில் பார்சிலோனா. எட்டு மாதத்துக்கு முன் வீகோ என்ற மீன்பிடித் துறைமுகத்துக்கு மாறிவிட்டானாம். குரல் வருகிறது, மெசேஜ் வருகிறது, ஆனால் முகம் ஒரு தடவைகூட போனில் வரவில்லை. கேமரா உடைந்துவிட்டதாம். இன்றைக்கு மகள் விதுர்ஷா அதே ஏஜென்ட் மூலம் புருசனிடம் புறப்படுகிறாள். எங்கெங்கோ பிளேன் மாறி, பிறகு எல்லைக் காட்டுக்குள்ளால் நடை.

"போய் இறங்குற இடத்தில அவன் இல்லாட்டி என்ட பிள்ளை எங்க போய் நிக்கும்?" என்றாள் அன்னப்பூரணி. அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

விதுர்ஷா உள்ளேயிருந்து ஒரு நீலப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வயது. இரண்டு வருடமாக ஒரே பக்கம் பார்த்துக் கொண்டிருந்தவளின் முகம்.

"அம்மா உங்கள வீணா அலைக்கழிக்கிறா மிஸ். அது என்ட மனுசன்ட குரல். எனக்குத் தெரியாதா?"

"குரல் அவர்டதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல" என்றார் பீற்றிஸ். "நீங்க வாறது அவருக்குத் தெரியுமா?"

"சொன்னா மறிப்பார். போய் இறங்கித்தான் சொல்லுவன்."

"அவர் ஏன் பார்சிலோனாவ விட்டவர்?"

"வேலைதான். எங்கட சொந்தக்காரப் பொடியன் ஒருத்தன் பார்சிலோனா போனான். அவன்ட கையில பலகாரம் குடுத்து விட நினைச்சன். ஆனா அந்தக் கிழமைதான் இவருக்கு வீகோவில வேலை கிடைச்சது."

பீற்றிஸ் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ஹலீமுக்குத் தெரியும். முகவரி சரியில்லாத கடிதம் கையில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"மெசேஜ் பாக்கலாமா?"

விதுர்ஷா தன்னுடைய போனை முதல் நாளே ஏஜென்ட்டின் ஆளிடம் கொடுத்துவிட்டாள். வழியில் புதுப் போன் தருவார்களாம். ஆனால் நெஞ்சுக்கு நெருக்கமான இரண்டு மெசேஜை அவள் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கங்களை மட்டும் விரித்துக் காட்டினாள். முதலாவது, இரண்டு வருடத்துக்கு முந்தியது.

'இஞ்ச அஞொரார் எண்டு ஒரு வினைச்சொல் கிடக்கு. ஒரு ஆளுக்காக ஏங்குறது எண்டு கருத்து. இவங்கட பாசையில வருசத்துக்கு அஞோ எண்டு பேர். அதில இருந்து வந்ததாம். வருசத்த எண்ணி எண்ணி ஏங்குறன்.'

மற்றது போன மாசி மாதத்தியது.

'நான் முந்திச் சொன்னது பிழை. அந்தச் சொல் வருசத்தில இருந்து வரல்ல. அது முதல் பார்சிலோனாப் பக்கத்துக் கற்றலான் ஆக்கள்ட சொல். அவங்க எஞொரார் எண்டு எழுதுவாங்க. அதுக்கும் அடியில லத்தீன் சொல் ஒண்டு, தெரியாம இருக்கிறது எண்டு கருத்து. போன தோணி எங்கயெண்டு தெரியாத வீட்டில அடுப்பு எரிஞ்சா எப்படி, அப்படி ஒரு ஏக்கம். விடிய வேலைக்குப் போகக்குள்ள சூரியன் கடலுக்க இருந்து எழும்பும். அப்ப உன்ட நினைப்புத்தான்.'

ஹலீம் இரண்டாவது மெசேஜை இன்னொரு தடவை வாசித்தான். தன் மனைவி றஸீனாவுக்கு அவன் கடைசியாக அனுப்பிய மெசேஜ் 'வெங்காயம் வாங்கிட்டன்' என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"போக முந்தி ஸ்பானிஷ் படிச்சவரா?" என்று கேட்டார் பீற்றிஸ்.

"ஓம். களுவாஞ்சிகுடியில, றொசானி ரீச்சரிட்ட."

"ஹலீம், ஆட்டோவ எடு."

* * *

பிரதான வீதிக்கு ஏறியதும் பீற்றிஸ் பின்னாலிருந்து கேட்டார்.

"ஹலீம், சூரியன் கடலுக்குள்ள விழுந்து எப்பயாவது பாத்திருக்கியா?"

"அதெப்படி மிஸ்? கடல்ல எழும்பும், ஆத்துக்கு அங்கால விழும். சூரியனுக்கு அதுதானே வேலை."

அவன் சொன்னதில் பிழையில்லை. இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு எல்லாமே அப்படித்தான். வாவியை ஆறு என்பார்கள். ஆற்றுக்குக் கிழக்கே, கடலை ஒட்டியது எழுவான்கரை. மேற்கே வயல் பக்கம் படுவான்கரை. கரையின் பெயரிலேயே சூரியனைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கடலும் விடியலும் ஒரே பக்கம் என்பது யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்த விசயம்.

"உன்ட போன்ல வீகோவ எடுத்துப் பார்."

ஹலீம் ஆட்டோவை ஓரங்கட்டிப் பார்த்தான். விரலால் படத்தைப் பெருப்பித்தான். பிறகு போனைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தான், கடல் இடம் மாறவில்லை.

"மிஸ், கடல் மேற்கால கிடக்கு."

"கிழக்கால?"

"மலை."

"அங்க விடியக்குள்ள சூரியன் மலைக்குப் பின்னால எழும்பும். கடலுக்க விழும். எட்டு மாதம் துறைமுகத்தில வேலை செய்யிறவனுக்கு இது தெரியாதா?"

"அப்ப ஆள் பொய் சொல்றான். வீகோவில இல்ல." ஹலீம் மறுபடி படத்தை நகர்த்தினான். "ஆனா மிஸ், பார்சிலோனாவில கடல் கிழக்கால. அங்க சூரியன் கடல்லதான் எழும்பும். அவன் அங்கயே இருக்கலாம். சொந்தக்காரன்ட கண்ணுல படாம இருக்க வீகோ எண்டு சும்மா சொல்லி இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார் பீற்றிஸ். "ரெண்டு ஊர்ல சூரியன் அப்படி எழும்பும். ஒண்டு பார்சிலோனா."

"மற்றது?"

பீற்றிஸ் தலையைத் திருப்பினார். வெளியே இடது பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். வளவுகளுக்கு நடுவில் ஆறு விட்டு விட்டுத் தெரிந்தது.

* * *

றொசானி ரீச்சரின் வகுப்பு ஒரு போட்டோக் கொப்பிக் கடைக்கு மேலே நடந்தது. தேற்றாத்தீவுக்காரி. பதினொரு வருடம் பார்சிலோனாவில் ஒரு வயதான அம்மாவைப் பராமரித்துவிட்டு ஊர் திரும்பியவர். மாணவர்கள் இன்னும் வரவில்லை. பன்னிரண்டு கதிரைகளும் ஒரு வெள்ளைப் பலகையும்தான் இருந்தன.

"மதுரன் நல்ல பிள்ளை" என்றார். "வேளைக்கு வருவார். போய்ச் சேர்ந்ததும் போன் எடுப்பன் எண்டவர், எடுக்கல்ல. ஆரும் எடுக்கிறதில்லதானே."

பீற்றிஸ் விதுர்ஷாவிடம் கேட்டு வாங்கி வந்த கொப்பியை நீட்டினார். ரீச்சர் முதல் பக்கத்தை வாசித்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார்.

"இது என்ட பிழை. ஆறு வருசமா இப்படித்தான் படிப்பிச்சன். கேட்க வடிவான விளக்கம் எண்டு நானே யோசிச்சு எடுத்தது. இஞ்ச படிச்ச பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பிழையோடதான் பிளேன் ஏறினது."

"வேற ஆரும் இதச் சொல்ல மாட்டாங்களா?"

"பிழைய நான்தானே செய்தன். இன்னொரு விசயமும் கிடக்கு மிஸ். துறைமுகத்தில வேலை செய்யிறவன்ட காதில இந்தச் சொல் லேசில விழாது. சனங்க சாதாரணமா எச்சோ தெ மெனொஸ் எண்டுதான் சொல்லும். அஞொரார் கொஞ்சம் எழுத்துப் பாசை. கற்றலான்ல இருந்து ஸ்பானிஷுக்குப் போய் கனகாலமும் இல்ல. எங்கட பிள்ளைகளுக்குப் பிடிக்கும் எண்டு நான் கடைசி வகுப்பில சொல்லிக் குடுக்கிறது. எங்களிட்ட ஞ இருக்கிற படியா வாயில உடன வந்திரும்."

"மற்றப் பக்கத்தயும் வாசியுங்க."

ரீச்சர் வாசித்தார். சிரிப்பு நின்றது. மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"இது என்ட வசனம்" என்றார் மெதுவாக.

"எது?"

"முழுக்க. போன மார்கழியில அந்த அம்மாட மகள் ஒரு பழைய அகராதி அனுப்பினவ. அதப் பாத்துத்தான் என்ட பிழை எனக்கே விளங்கினது. எஞொரார், லத்தீன்ல தெரியாம இருக்கிறது. ஆள் எங்க, எப்படி எண்டு தெரியல்ல, அந்தத் தெரியாமைதான் ஏக்கமா மாறிச்சு எண்டு போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு விளங்கட்டும் எண்டு தோணியும் அடுப்பும் வச்சு நான் சொன்னன். அகராதியில எங்க மிஸ் அடுப்பு இருக்கு?"

"எப்ப சொன்னீங்க?"

"இந்த வருசம் தை மாசம். ஒரே ஒரு தடவைதான்."

மதுரன் புறப்பட்டு இரண்டு வருடம். தை மாதம் இந்த மாடியில் சொன்ன வசனம் மாசி மாதம் ஸ்பெயினிலிருந்து வந்திருக்கிறது. ஹலீம் மாதங்களை விரல்விட்டு எண்ணினான், மறுபடி எண்ணினான். கணக்கு மாறவில்லை.

"அண்டைக்கு வகுப்புக்கு வந்தவங்க?"

"ஆரும் வரல்ல. வெள்ளம், பாதை ஓடல்ல. படுவான்கரைப் பிள்ளைகள் வர ஏலாத படியா போன்ல படிப்பிச்சன்." ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் இயந்திர மிதவையைத்தான் இங்கே பாதை என்பார்கள். "ஒன்பது பேர். எட்டுப் பேரத் தெரியும். ஒருத்தர் மட்டும் வெள்ளமில்லாத நாள்லயும் போன்லதான். நிதுர்ஷன் எண்டு பேர், மண்டூர். முகம் காட்ட மாட்டார், கதைக்க மாட்டார். எழுதி மட்டும் அனுப்புவார்."

"கதைச்சா நீங்க குரலப் பிடிச்சிருவீங்க" என்றார் பீற்றிஸ்.

ரீச்சர் கதிரையில் உட்கார்ந்தார்.

நிதுர்ஷன் அனுப்பிய வீட்டு வேலைகளை அவர் போனில் ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் கொப்பிப் பக்கத்தின் படங்கள். ஒன்றில் மட்டும் கொப்பிக்குப் பின்னால் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டிப் பலகை தெரிந்தது. சிவப்பு எழுத்தில் 'வேலவன் துணை'. பக்கத்தில் ஒரு பறவை.

"கோழியா மிஸ்?" என்றான் ஹலீம்.

"வேலவனுக்குக் கோழி வாகனமா? மயில்."

"இத வரைஞ்ச ஆள் மயிலக் கண்டிருக்க மாட்டான். எங்கட மதுரன் வீகோவக் கண்ட மாதிரித்தான்."

மணி பன்னிரண்டு இருபது.

* * *

குருமண்வெளித் துறையில் பாதை அக்கரையில் நின்றது. அது அக்கரையில்தான் நிற்கும், அவசரமாக வருபவனைக் கண்டால் இன்னும் பத்து நிமிசம் நிற்கும். ஹலீம் அந்தப் பத்து நிமிசத்தில் பல்லுக்குள் பாதைக்காரரின் பரம்பரையை விசாரித்தான். பாதை வந்து, ஏறி, நடு ஆற்றில் போகும்போதுதான் வாய் சும்மா இராமல் போனை எடுத்து, ரீச்சர் அனுப்பி வைத்திருந்த அந்தப் படத்தைப் பாதைக்காரருக்கே காட்டினான்.

"அட, கோழிமயில்" என்றார் அவர். "ஊரே அப்படித்தான் சொல்லும். கோயிலுக்குத் தெற்கால கடைசி வட்டையில நிக்கும். ஒரு வாயில்லாப் பொடியன் காவலுக்கு இருக்கிறான்."

மண்டூரில் இறங்கி, கோயிலைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாக ஆட்டோ குலுங்கிக் குலுங்கிப் போனது. வயல் முற்றியிருந்தது. வட்டை என்று ஊர் சொல்லும் அந்த வயல்வெளியின் கடைசியில், யானைக் காவலுக்குப் போட்ட ஒரு வாடி. ஓலைக் கூரை, மண் தரை. வாசலில் கோழிமயில் நின்றது.

வாடிக்குள்ளிருந்து வெளியே வந்தவன் தாடி வைத்திருந்தான். அன்னப்பூரணி காட்டிய கல்யாணப் படத்தில் இருந்ததைவிடப் பாதி உடம்பு. பீற்றிஸைப் பார்த்தான், ஹலீமைப் பார்த்தான், வரம்பைப் பார்த்தான்.

"ஓடாத தம்பி" என்றான் ஹலீம். "எனக்கு முழங்கால் வருத்தம். துரத்தினா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

"வீகோவில வெயில் எப்படி மதுரன்?" என்று கேட்டார் பீற்றிஸ்.

மதுரன் ஓடவில்லை. வாசலிலேயே குந்தினான். நெடுநேரம் தூக்கி வைத்திருந்த மூட்டையை இறக்கியவன் போல மூச்சு விட்டான்.

"ஏழு கிழமையில திரும்பிட்டன் மிஸ்" என்றான். "காட்டுக்குள்ளால பதினாலு பேர் நடந்தம். ஒன்பதாம் நாள் ஏஜென்ட்ட ஆள் ராவோட ராவா எங்கள விட்டுட்டுப் போயிட்டான். மறுகா ஒரு ஆறு. கடக்கக்குள்ள ரெண்டு பேரத் தண்ணி கொண்டு போயிட்டு. அதில ஒருத்தன் என்ட கையப் பிடிச்சிருந்தவன்."

அவன் தன் வலது கையைத் தொடையில் துடைத்தான்.

"கோயில்ல மாலை போட்டு அனுப்பின ஆள் நான். அந்த ஊர்ல எந்த முகத்தோட போய் இறங்குறது? மூணு மாசத்தில திரும்பப் போயிருவம், ஒருத்தருக்கும் தெரியாது எண்டுதான் நினைச்சன். பார்சிலோனாவில ஒரு கூட்டாளி தன்ட நம்பர் ஒண்ட வாட்ஸப்புக்குத் தந்தான். மூணு மாசம் ஆறாச்சு. பாசை மறந்தா பிடிபட்டிருவன் எண்டு வேற பேர்ல வகுப்புக்கும் சேர்ந்தன். பொய்ய இடையில நிப்பாட்ட ஏலாது மிஸ். அது சோறு மாதிரி, ஒவ்வொரு நாளும் வைக்க வேணும்."

"விதுர்ஷா இண்டைக்கு நாலு மணிக்கு வெளிக்கிடுறா" என்றார் பீற்றிஸ். "அதே ஏஜென்ட். அதே வழி. வீகோவுக்கு."

மதுரனுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவன் போனுக்குக் கை நீட்டினான்.

ஹலீம் அன்னப்பூரணியின் நம்பரை எடுத்து போனை அவன் கையில் வைத்தான். அன்னப்பூரணி மகளிடம் கொடுத்தாள். மதுரன் சொன்னான், திரும்பத் திரும்பச் சொன்னான். நான் மண்டூர்ல நிக்கிறன், போகாத, மண்டூர்ல நிக்கிறன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் ஹலீமுக்கும் தெளிவாகக் கேட்டது.

"அம்மா எடுத்துச் சொன்னவவா உங்களுக்கு? நான் வாறது தெரிஞ்சு போச்சு, அதான் இப்படிக் கதை. ஏஜென்ட் சொன்னவர், கடைசி நேரத்தில புருசன் மறிப்பார், எந்தப் பொய்யும் சொல்லுவார் எண்டு. நீங்க வீகோவிலயே இருங்க. நான் வந்து சேருறன்."

போன் நின்றது. மறுபடி எடுத்தால் அன்னப்பூரணியின் போன் ஓஃப்.

"ரெண்டு வருசமா நீங்க சொன்னதத்தான் அவ நம்புறா" என்றார் பீற்றிஸ். "இனி உங்கட வாயால மாத்த ஏலாது. ஆளாப் போய் நிக்க வேணும்."

"என்னால ஏலா மிஸ். ஊர் முழுக்கப் பாக்கும்."

ஹலீமுக்கு அதுவரை அவன் மேல் இரக்கம்தான் இருந்தது. இப்போது கோபம் வந்தது. அவன் கோபப்பட்டால் பகிடி விட மாட்டான்.

"தம்பி, அந்த ஆத்தில உன்ட கையப் பிடிச்சிருந்தவனுக்குப் பதிலா அவ கையை வச்சுப் பார். மறுகா ஊரப் பத்திக் கதை."

மதுரன் எழும்பினான். செருப்பைத் தேடவும் இல்லை.

* * *

மூன்று ஐந்துக்குப் பாதை புறப்பட்டது. இயந்திரம் இரண்டு தடவை இருமி நின்று, மூன்றாவது தடவை பிடித்தது. மதுரன் முன் விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்லாற்றுப் பக்கம் தென்னை மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகின.

"ஒண்டு கேட்கட்டா" என்றான் ஹலீம் கடைசியில். "பொய் சொல்றவன் சுருக்கமாச் சொல்லுவான். நீ ஏன் அந்தச் சொல்லப் பத்தி இவ்வளவு எழுதின? முந்தின விளக்கம் பிழையெண்டு வேற திருத்தி அனுப்பி இருக்கிற. அதாலதானே பிடிபட்டது."

மதுரன் திரும்பாமலே, இங்கே முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிட்டுச் சொன்னான்.

"அந்த வகுப்புக் கேட்ட அண்டைக்கு நித்திரை வரல்ல நானா. ஆள் எங்க, எப்படி எண்டு தெரியாம நெஞ்சு பதைக்கிறதுதான் அந்தச் சொல் எண்டா, நான் ஆர் அதச் சொல்ல? அவ எங்கயெண்டு எனக்குத் தெரியும். பொழுதுபட்டா அந்தப் பக்கத்து வெளிச்சம் எனக்குத் தெரியும். தெரியாம இருந்தது அவதான். அது அவட சொல். அத நான் எடுத்து என்ட ஏக்கம் எண்டு அவளுக்கே அனுப்பினன். இவ்வளவு பொய்யுக்குள்ள அது ஒண்டயாவது சரியாச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அதுவும் களவாப் போச்சு."

பீற்றிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று இருபத்தாறு. பலகை துறையில் தட்டியது.

குருமண்வெளியிலிருந்து பெரியகல்லாறு வரைக்கும் ஹலீம் எப்படி ஓட்டினான் என்பதை அவன் பொலிசுக்குச் சொல்லத் தயாராக இல்லை. ஒழுங்கை முனையில் திரும்பியதும் அவன் ஹோர்னை அழுத்தினான். சொன்ன நேரத்துக்கு ஒன்றும் வராத நாட்டில், இந்த வான் மட்டும் பதினைந்து நிமிசம் முந்தி வந்து, ஆளும் ஏற்றி, கதவும் பூட்டி, கிளம்பிக்கொண்டிருந்தது.

ஹலீம் ஆட்டோவைக் குறுக்கே விட்டான். வான் மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்றது. சாரதி கையை நீட்டி ஏதோ கத்தினான். ஏஜென்ட்டின் பெயரும் அதில் இருந்தது.

மதுரன் இறங்கி, வெறுங்காலோடு நடந்து, வானின் பக்கக் கண்ணாடிக்கு நேரே நின்றான். தாடியும் சேறும் வெயிலும். உள்ளே விதுர்ஷாவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

விதுர்ஷா கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். முதலில் யாரோ ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு அவள் கை தானாகக் கதவைத் தேடியது. சாரதி "இறங்க வேணாம் தங்கச்சி" என்றான். அவள் இறங்கினாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை தூரம். ஒழுங்கையில் வேலிக்கு வேலி ஆள் எட்டிப் பார்த்தது.

"எங்க இருந்தீங்க?"

"மண்டூர்ல. வட்டைக் காவல்."

"ரெண்டு வருசமுமா?"

"ஓம்."

அவள் அடிக்கப் போகிறாள் என்று ஹலீம் நினைத்தான். அடித்திருந்தால் அவன் தடுத்திருக்க மாட்டான். ஆனால் அவள் திரும்பி வானுக்குள் இருந்த பெண்களைப் பார்த்தாள்.

"அந்தக் காட்டுக்குள்ள என்ன நடந்தது எண்டு இவங்களுக்குச் சொல்லுங்க" என்றாள். "எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்க."

மதுரன் சொன்னான். பதினாலு பேரைச் சொன்னான், ஒன்பதாம் நாளைச் சொன்னான், ஆற்றைச் சொன்னான், கை நழுவியதைச் சொன்னான். திரும்பி வந்து ஒளிந்ததையும் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அவன் இரண்டு வருடமாகப் பயந்த ஊர், வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கேட்டது. வானுக்குள் இருந்த பெண்களில் ஒருத்தி பையை எடுத்தாள். மற்றவளும் எடுத்தாள், விதுர்ஷாவின் நீலப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். சாரதி போனைக் காதில் வைத்துக்கொண்டே வானைப் பின்னுக்கு எடுத்தான். பீற்றிஸ் அதன் நம்பரை எழுதிக்கொண்டார். அந்த நம்பருக்கு நாளைக்கு வேறு வேலை இருந்தது.

அன்னப்பூரணி வேலி வாசல் கடப்படியில் நின்று "உள்ள வாங்க பிள்ளைகள்" என்றாள்.

விதுர்ஷா அசையவில்லை.

"அங்க எத்தின மணி, நித்திரையா, விழிப்பா எண்டு கழிச்சுக் கழிச்சுப் பாத்துத்தான் மெசேஜ் போடுவன்" என்றாள் மதுரனிடம். "உங்களுக்கு விடியட்டும் எண்டு காத்துக்கொண்டிருந்தன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில விடிஞ்சிருக்கு."

விதுர்ஷா ஆட்டோப் பக்கம் திரும்பினாள்.

"நானா" என்று ஹலீமைக் கேட்டாள். "பாதையில மண்டூருக்கு எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம் தங்கச்சி."

"இருபது நிமிசம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு நீலப் பெட்டியைத் தூக்கி ஆட்டோவின் பின் ஆசனத்தில் வைத்து, பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன புள்ள செய்யிற?" என்றாள் அன்னப்பூரணி.

"என்ட மனுசன் இருக்கிற இடத்துக்குப் போகத்தானம்மா நான் பெட்டி கட்டினது. போய் அந்த இடத்த என்ட கண்ணால பாக்க வேணும். பாத்திட்டு வாறன். வீடு என்ட பேருல கிடக்கு. இவர உள்ள எடுக்கிறதா இல்லையா எண்டு மறுகா சொல்றன்."

பீற்றிஸ் அவளுக்குப் பக்கத்தில் ஏறினார். மதுரன் தயங்கித் தயங்கி ஆட்டோவுக்குக் கிட்ட வந்து கம்பியில் கை வைத்தான்.

"நீங்க நடந்து வாங்க" என்றாள் விதுர்ஷா.

ஹலீம் மிஸ்ஸைப் பார்த்தான். மிஸ் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஆட்டோவைத் திருப்பி மெதுவாக எடுத்தான். ஒழுங்கை முனையில் கண்ணாடியைப் பார்த்தபோது, வெறுங்காலோடு மதுரன் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தான்.